ஆரம்பப் பாடசாலைகளில் மேலதிக நிதி: அளவெட்டியும் வலிகாமமும்

வறுமையிலும் ஆதரவுக் குறைவிலும் வளரும் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு சமமாகக் கற்பதற்காக, ஆசிரியர் சம்பளம் முதலிய வழமைச் செலவுகளுக்கு மேலாக ஆரம்பப் பாடசாலைக்குக் கிடைக்கும் பணமும் பொருளும் மேலதிக நிதி எனப்படும். யாழ்ப்பாண மாவட்டத்தின் தெல்லிப்பழைப் பிரதேச செயலர் பிரிவில் உள்ள அளவெட்டியில் இது மூன்று வழிகளில் வருகிறது: அரசின் இலவச உதவிகள், பாடசாலைக்கான தர உள்ளீட்டு ஒதுக்கீடு, ஊரவரும் புலம்பெயர்ந்தோரும் தரும் நன்கொடை.

ஊரும் பிள்ளைகளும்

அளவெட்டி செம்மண் தோட்டங்கள் நிறைந்த ஊர். கிணற்று நீரைக் கொண்டு வெங்காயம், புகையிலை, மரக்கறி பயிரிடுகிறார்கள். நாதஸ்வரக் கலைஞர் என். கே. பத்மநாதனாலும் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியாலும் பெயர்பெற்ற இவ்வூரில் அருணோதயாக் கல்லூரியோடு சிறிய பாடசாலைகளும் உள்ளன. சொந்தத் தோட்டம் உடையவர் வீட்டுப் பிள்ளையும் நாட்கூலிக்குத் தோட்டவேலை செய்பவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாடத்திட்டத்தைத்தான் படிக்கிறார்கள். வீட்டில் கிடைக்கும் ஆதரவு மட்டும் ஒன்றல்ல.

உள்நாட்டுப் போர் இந்த இடைவெளியைப் பெருக்கியது. 1990 முதல், அளவெட்டி அடங்கும் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானதால், அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அயலூர்களிலும் நலன்புரி முகாம்களிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டுதான் மக்கள் திரும்பத் தொடங்கினர். தகப்பனை இழந்த வீடுகளும் தாய் தனித்து உழைக்கும் வீடுகளும் இன்றும் வகுப்பறையின் பின்னணியாக உள்ளன.

வரலாற்றுப் பின்னணி

ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு வெளியாரின் பணம் வருவது இப்பகுதிக்குப் புதிதன்று. 1816இல் தெல்லிப்பழையில் நிலைகொண்ட அமெரிக்க மிசனரிமார் விடுதிப் பள்ளிகளை நடத்தி உணவும் உடையும் கொடுத்துப் படிப்பித்தனர். ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர் விரும்பும் பெயரை அந்தப் பிள்ளைக்கு இடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. கல்வி கிடைத்தது உண்மை. உதவி பெற்றதன் அடையாளத்தை அப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் பெயரிலேயே சுமந்ததும் உண்மை.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், 1923இல் உருவான சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் உள்ளூர்க் கொடையைக் கல்விக்குத் திருப்பின. ஆனாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பள்ளிகளில் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம் கேட்டு நடந்த போராட்டம், பணம் மட்டும் பின்தங்கிய பிள்ளைக்குப் போதாது என்பதைக் காட்டியது. வகுப்பில் மதிப்பும் வேண்டும்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதற்கான 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், அரச உதவியோடு தனியார் நடத்திய பாடசாலைகளுள் பெரும்பாலானவை அரசிடம் சென்றன. 1980இல் இலவசப் பாடநூலும் 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. எந்தப் பிள்ளை வறியது என்பதைப் பாடநூல் காட்டிக் கொடுப்பதில்லை. இலங்கை முறையின் பெரிய பலம் இது.

நிதி வரும் வழிகள்

2000ஆம் ஆண்டளவில் அலகுச் செலவை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீட்டு முறை அறிமுகமானது. மாணவர் தொகை, பாடசாலையின் வகை முதலியவற்றைக் கணக்கிட்டு, கற்றல் உபகரணங்களுக்கான தர உள்ளீட்டு நிதி இம்முறையில் பகிரப்பட்டது. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஒன்றுகூடித் திட்டமிடும் பாடசாலை அபிவிருத்திக் குழுவை உருவாக்கியது.

குடும்பத்தின் வருமானத்தையும் பாடசாலையின் நிலையையும் பார்த்து வழங்கப்படும் உதவிகளும் உண்டு. 2025 கல்வியாண்டுக்காக, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி முதலியன வாங்கத் தலா 6,000 ரூபா வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. அஸ்வெசும பெறாவிட்டாலும் 300க்குக் குறைந்த மாணவர் கற்கும் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு இது விரிவாக்கப்பட்டது. சிறிய, பின்தங்கிய பாடசாலைகளுக்குச் சப்பாத்துக்கான வவுச்சர்களும் கொடுக்கப்படுகின்றன.

அரச நிதிக்கு வெளியே, கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழும் பழைய மாணவரும் ஊரவரும் அனுப்பும் பணம் யாழ்ப்பாணக் கிராமப் பாடசாலைகள் பலவற்றுக்கு முக்கிய ஆதாரம்.

செலவிடும் முறை

முதலாவது செலவு உணவு. காலையில் வெறுவயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பத்து மணிக்குக் கணக்கு ஏறாது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வட மாகாணப் பாடசாலை உணவுக்கு உலக உணவுத் திட்டம் உதவியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் வீட்டுச் சமையல் சுருங்கியபோது பாடசாலைச் சாப்பாட்டின் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. 2024 மார்ச்சில் அரச பாடசாலைகளின் 1 முதல் 5ஆம் தரம் வரையான எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவுத் திட்டம் விரிக்கப்பட்டது. சோறு, பருப்பு, கீரை, முட்டை, அவித்த பயறு ஆகியவற்றை ஊர்ப் பெண்களே சமைத்துக் கொடுக்கும்போது அந்தப் பணம் ஊருக்குள்ளேயே தங்குகிறது.

இரண்டாவது பிள்ளைகளின் வரவு. சப்பாத்து இல்லை, கொப்பி முடிந்துவிட்டது, வெங்காயம் அறுவடை என்ற காரணங்களால் பிள்ளை வராமல் விடும். வரவு இடாப்பைப் பார்த்து வகுப்பாசிரியர் வீட்டுக்குச் சென்று விசாரிப்பதும், தேவையானதை வகுப்பறைக்கு வெளியே தாயின் கையில் கொடுப்பதும் பயன்தரும் வழிகள்.

மூன்றாவதும் முக்கியமானதும் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கான பரிகாரக் கற்பித்தல். 1998இன் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து (1–2, 3–4, 5ஆம் தரங்கள்), ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வகுத்தது. எந்தப் பிள்ளை எந்தத் தேர்ச்சியை எட்டவில்லை என்று பார்த்து, சிறு குழுவாக இருத்தி வாசிப்பும் எண்ணும் பழக்குவதே இதன் செய்முறை. எழுத்தட்டை, வாசிப்பு நூல், தொண்டர் ஆசிரியருக்கான சிறு கொடுப்பனவு ஆகியவற்றுக்கு நன்கொடை இங்கே மிக நன்றாகப் பயன்படும்.

இடர்ப்பாடுகள்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, வறிய ஆனால் திறமையுள்ள பிள்ளைகளைக் கைதூக்கிவிடும் நோக்கம் கொண்டது. பிரபல பாடசாலைக்கான போட்டியாகவும் ரியூசன் சந்தையாகவும் அது மாறியபின், மேலதிக வகுப்பும் மாதிரி வினாத்தாளும் வெட்டுப்புள்ளியை எட்டக்கூடியவர்களையே சுற்றி வருகின்றன. வாசிக்கத் தெரியாத பிள்ளை பின்வாங்கிலேயே இருந்துவிடுகிறது.

நன்கொடைப் பணம் வளைவு, மண்டபம், திறன்பலகை எனக் கண்ணுக்குத் தெரிவதை நாடுவதும் உண்டு. பை கொடுக்கும்போது பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் இடுவது, நன்கொடையாளர் பெயரைப் பிள்ளைக்கு இட்ட பழைய வழக்கத்தின் இன்றைய வடிவம். அது நிற்க வேண்டும்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 2011 முதல் வறிய மாணவர் ஒவ்வொருவருக்கும் பாடசாலைக்குத் தனிக் கொடை வழங்கப்படுகிறது. 2024–25இல் ஆரம்பப் பாடசாலை மாணவர் ஒருவருக்கு அது 1,480 பவுண்கள். அதை எதற்குச் செலவிட்டோம் என்பதைப் பாடசாலை பகிரங்கமாக வெளியிட வேண்டும். தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் விரிவாக்கிய மதிய உணவும், 2022 செப்டெம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் பொதுவான உதவிக்கு எடுத்துக்காட்டுகள்.

மதிப்பீடு

உணவையும் நூலையும் எல்லோருக்கும் கொடுப்பதும், பின்தங்கிய பிள்ளைக்குக் கற்பித்தலில் மட்டும் கூடுதல் நேரம் கொடுப்பதும் சேர்ந்தால் பிள்ளையின் மதிப்பும் காக்கப்படும், படிப்பும் வளரும். அளவெட்டி போன்ற ஊரில் கட்டடத்துக்குக் கொடுக்க முன்வருவோர் உண்டு. வாசிப்புக் குழு நடத்தும் ஆசிரியருக்குத் தொடர்ந்து கொடுப்போரே தேவை. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வரவு செலவைக் கேட்கும் பெற்றோரும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோரும், மூன்றாந் தரத்தை முடித்த பிள்ளைகளுள் எத்தனை பேர் தாமாக வாசிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.