எண்பது எழுத்தின் எல்லை

கணிப்பொறி நிரல் எழுதுவோர், ஒரு வரி இத்தனை எழுத்துக்கு மேற்படலாகாது என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டிருக்கும் நியமம், படிப்பவர் கண்ணை உத்தேசித்து ஏற்பட்டதன்று. அது ஒரு காகித அட்டையின் அகலத்திலிருந்து பிறந்தது. வட்டத் துளைகளோடு 45 பத்திகளே கொண்டிருந்த தம் அட்டையை, ஐ.பி.எம். நிறுவனத்தார் 1928ஆம் ஆண்டில், அதன் அளவை மாற்றாமல் துளைகளை மட்டும் ஒடுங்கிய நீள்சதுரமாக்கி, 80 பத்திகள் கொள்ளுமாறு திருத்தியமைத்தனர். கணக்கு வழக்குகளுக்காக ஏற்பட்ட இந்த அட்டையே பிற்காலத்தில், பத்திக்கு ஓர் எழுத்தாக, நிரலுக்கும் ஏடாயிற்று.

1957இல் ஃபோர்ட்ரான் மொழி வெளிவந்தபோது, அந்த எண்பதும் எழுதுவோர்க்குக் கிட்டவில்லை. ஐ.பி.எம். 704 என்னும் இயந்திரம், அட்டையின் ஒவ்வொரு வரிசையையும் 36 பிட் கொண்ட இரு சொற்களாக ஏற்றுக்கொண்டமையால், 72 பத்திகளுக்கு மேல் படிக்க அதற்கு வகையில்லை. அவற்றிலும் முதல் ஐந்து வாக்கியத்தின் எண்ணுக்கும், ஆறாவது முன்வரியின் தொடர்ச்சியைக் காட்டுவதற்கும் ஒதுங்க, எஞ்சியவை 66. இயந்திரம் படியாது விட்ட கடைசி எட்டுப் பத்திகளையும் மனிதர் வீணாக்கவில்லை. அட்டைக்கட்டு கைதவறிச் சிதறினால் மீண்டும் அடுக்குவதற்கென்று, அங்கே வரிசை எண்ணைத் துளையிட்டு வைத்தனர்.

அட்டைகள் வழக்கொழியத் தொடங்கிய பின்னும் எண்பது ஒழியவில்லை. 1978இல் வந்த வி.டி.100 முனையத்தின் திரையும் அதே அகலத்தையே சுவீகரித்தது. 2001இல் பைத்தான் மொழிக்கு நடைவிதி வகுத்தவர்கள் எல்லையை 79 என்று குறித்தனர்; அதற்கு இன்று சொல்லப்படும் காரணம் வேறாகிவிட்டது: பல கோப்புகளைத் திரையில் அருகருகே வைத்து ஒப்புநோக்கலாம் என்னும் அனுகூலமே அது. இதற்கு மாறாக, கோ மொழியார் எல்லையே வகுக்கவில்லை. லினக்ஸ் கருநிரலிலோ, எண்பதைக் காக்கும்பொருட்டு வரிகளை அளவின்றி ஒடிப்பது தெளிவைக் கெடுக்கும் என்று அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வாதிட, 2020இல் நிரல் நடையைச் சரிபார்க்கும் சோதனைக் கருவியின் வரம்பு 100 ஆயிற்று. ஆயினும் அக்கருநிரலின் நடைவிதி நூல் எண்பதையே இன்றும் விரும்பத்தக்கதாகக் கூறுகிறது.

அந்நூலிலுள்ள மற்றொரு விதியோடு சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்வெல்லையின் மெய்ப்பயன் விளங்காது. நிபந்தனைக்குள் நிபந்தனையாகப் புகும் ஒவ்வொரு நிலைக்கும் எட்டு எழுத்து உள்தள்ள வேண்டும் என்பது அவ்விதி. மூன்று நிலை இறங்கியவனுக்கு 24 இடம் கழிந்துபோக, மேலும் இறங்க இறங்க வரி வலப்புறம் முட்டி நிற்கும். அப்போது திருத்த வேண்டியது வரியையன்று, நிரலின் அமைப்பையே என்று அந்நூல் தயவின்றிச் சொல்கிறது. மாறிகளின் பெயர்களைச் சுருக்கி வரியை எல்லைக்குள் அடைப்பவன் விதியை நிறைவேற்றுகிறானேயன்றி அதன் பயனை அடைவதில்லை. சிக்கலான பகுதியைப் பிரித்துத் தனிச் செயற்கூறாக எழுதுபவனுக்கோ, எல்லை எண்பதாயினும் நூறாயினும் பேதமில்லை.