கப்பலேறிய 25 எழுத்துகள்

மலாயாவுக்கு ஆள் எடுத்தவர்கள் உடம்பைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் மருத்துவச் சோதனை நடந்தது. ரப்பர் தோட்டத்துக்கு வேண்டியது இருபது, முப்பது வயதுத் தோள்கள். அந்த வயதில் வெளியே தெரியாத ஒன்றும் அவர்களில் சிலரோடு சேர்ந்து கப்பலேறியிருக்கும். அதை 2009-க்குப் பிறகுதான் நம்மால் யோசிக்கவே முடிந்தது.

அந்த ஆண்டு ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி-யின் குமாரசாமி தங்கராஜ் முதலானோரின் ஆய்வு வந்தது. இதயத் தசையின் ஒரு புரதத்தை உருவாக்கும் எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அவ்வளவுதான் பிழை. இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் அது இருக்கிறது. மலேசியாவில் எடுத்த மாதிரிகளிலும் தென்பட்டது.

இவ்வளவு மோசமான பிழை ஏன் அழியவில்லை? எனக்கு இதுதான் சுவாரசியம். இளமையில் செல்லே அந்தக் கோணல் புரதத்தைச் சிதைத்து அப்புறப்படுத்திவிடுகிறது. வயது ஏற ஏற அந்தத் துப்புரவு வேலை தளர்கிறது, புரதம் தேங்குகிறது, தசை பலவீனமாகிறது. அதற்குள் பிள்ளை பெற்று வளர்த்தாயிற்று. முகாம் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது.

பிறகு கதை கொஞ்சம் மாறியது. 2018-இல் சக்திவேல் சடையப்பனின் குழு அமெரிக்கவாழ் தெற்காசியர்களைப் பரிசோதித்தது. இந்த விடுபடலோடு டி389வி என்ற இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பவர்களிடம்தான் இதய இயக்கத்தில் வித்தியாசம் தெரிந்தது. அவர்கள் சிறுபான்மை. ஆக, அந்த நான்கு பேரும் நோயாளிகள் இல்லை.

“நம்ம ஆளுங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு” என்று பேராக்கில் சாவு வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மரபணு விவகாரம் தசையைப் பற்றியது. நாம் அதிகம் பார்க்கிற மாரடைப்பு ரத்தக்குழாய் அடைப்பால் வருவது. அதில் பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிகரெட் எல்லாவற்றையும் தாத்தாவின் ரத்தத்தில் கட்டிவிட்டால் தோட்டத்துக் கூலியும் சாப்பாடும் தப்பித்துக்கொள்ளும்.

பணம் செலவில்லாத மரபணுச் சோதனை ஒன்று உண்டு. டாக்டர் கேட்கும் கேள்வி: “குடும்பத்துல யாருக்காவது இதய நோய் இருந்துச்சா? எந்த வயசுல?” நம்மிடம் பதில் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் இடிந்தபோது சொந்தங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறின. யார் எப்படிச் செத்தார் என்ற நினைவும் கூடவே சிதறியது. தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது ஒரே வாக்கியம்: “பால் வெட்டிட்டு வந்தாரு, உக்காந்தாரு, போயிட்டாரு.”

நான் ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். பெயர், தோட்டம், வயது, எப்படி. 11 வரிசை. நான்கில்தான் வயது நிரம்பியிருக்கிறது. தாத்தாவின் அண்ணனும் இப்படித்தான் உட்கார்ந்தபடியே போனாராம், சுங்கை சிப்புட் பக்கம். அது எந்தத் தோட்டம் என்று புந்தோங்கில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தெரியலாம்.