வெப்பம் தாங்கும் துணி டேப்

வாகன வயர்களைக் கட்டாகச் சேர்த்துச் சுற்றப் பயன்படும், ஒருபுறம் பசை பூசிய நெசவு நாடாவே துணி டேப். பெரும்பாலும் பொலியெஸ்டர் இழையால் நெய்யப்படுகிறது. வெப்பம், உராய்வு, அதிர்வு ஆகியவற்றிலிருந்து வயரின் மேலுறையைக் காப்பது அதன் வேலை. மின்சாரத்தைத் தடுப்பது அந்த மேலுறையின் வேலை. அதை டேப்பிடம் எதிர்பார்க்கக்கூடாது. இழைகளுக்கு இடையே நீர் புகும். அறுந்த வயரை முறுக்கி, அதன்மேல் துணி டேப்பை மட்டும் சுற்றிவிட்டால் சில மழைக்காலங்களுக்குள் செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். இணைப்பை முதலில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும், அல்லது குழாய் இணைப்பி இட்டு நசுக்க வேண்டும். பின் உள்ளே பசையுள்ள சுருங்குகுழாயால் அதை மூட வேண்டும். துணி டேப் சுற்றுவது அதற்குப் பிறகுதான்.

ஏற்றத்துக்குப் பின் வரும் சூடு

மலைநாட்டில் இந்த டேப்பின் தேவையைப் புரிந்துகொள்ள அம்பிட்டிய நல்ல இடம். 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ நிறுவிய குருமடத்தால் பெயர்பெற்ற இவ்வூர் கண்டிக்குத் தென்கிழக்கே, தலாத்துஓயா செல்லும் பாதையில் இருக்கிறது. கண்டி வாவிப் பக்கத்திலிருந்து பாதை வளைந்து ஏறுகிறது. பாதையிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் ஒழுங்கைகள் பல இடங்களில் அதைவிடச் செங்குத்தானவை. மாலையில் கண்டி நகர நெரிசலில் ஊர்ந்து வந்த கார், தாழ்ந்த கியரில், குறைந்த வேகத்தில் இந்த ஏற்றத்தைக் கடக்கிறது. எஞ்சின் கடுமையாக உழைக்கிறது, ஆனால் முன்பக்கம் மோதும் காற்றோ குறைவு. வீட்டு வாசலில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நிற்கிறது.

சேதம் பெரிதும் நிகழ்வது அந்தக் கணத்துக்குப் பிறகுதான். ஓடும் எஞ்சினின் சூட்டைக் குளிர்நீரும் விசிறியும் தொடர்ந்து வெளியே கொண்டு போகின்றன. எஞ்சினை நிறுத்தியதும் குளிர்நீரின் ஓட்டம் நின்றுவிடுகிறது, ஆனால் இரும்பிலும் அலுமினியத்திலும் தேங்கிய சூடு எங்கும் போய்விடவில்லை. ஏறத்தாழ 90 பாகை செல்சியஸில் இருந்த எஞ்சின் உடலும், பல நூறு பாகையில் இருந்த புகைக்குழாய்த் தொடக்கமும் பொனட்டின் கீழே அடைபட்ட காற்றைச் சூடாக்குகின்றன. நிறுத்திய முதல் சில நிமிடங்களில் வயர்களைச் சுற்றியுள்ள சூடு, ஓடும்போது இருந்ததைவிடக் கூடிவிடுகிறது. ஏற்றத்தின் முடிவிலேயே வீடு இருப்பவர்களின் காருக்கு இது அன்றாட நிகழ்வு. சமவெளியில் அதே தூரம் ஓடிய காருக்கு இந்தச் சோதனை இவ்வளவு கடுமையாக அமைவதில்லை.

பிளாஸ்டிக் உறை முதுமை அடைவதற்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். இது தோராய விதிதான் என்றாலும், பொனட்டின் கீழே ஒரு வயர் போகும் பாதையை நான்கு விரற்கிடை தள்ளி அமைப்பது எவ்வளவு பெரிய லாபம் என்பதை இது உணர்த்துகிறது. கண்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சூட்டில் இறுகி வெடித்த உறையின் கீறல்களுக்குள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பின்னேர மழை நுழையும்போதுதான் ஓட்டுநருக்குக் கோளாறு தெரிகிறது: ஒரு பியூஸ் அடிக்கடி போகும், ஒரு சென்சர் விட்டுவிட்டு வேலை செய்யும், காலையில் எஞ்சின் விளக்கு எரிந்து மாலையில் அணைந்துவிடும். பழுது மழையில் வெளிப்பட்டாலும், அதை உண்டாக்கியது பல மாதச் சூடு.

இன்சுலேஷன் டேப் ஏன் போதாது

கடைகளில் கறுப்பு நிறத்தில் கிடைக்கும் சாதாரண பிவிசி இன்சுலேஷன் டேப் பொதுவாக 80 பாகை வரைக்கும் உரியது. வீட்டு மின்னிணைப்புக்கு அது போதும். பொனட்டின் கீழே அதன் பசை இளகித் தார்போல் ஓடுகிறது, சுற்றின் நுனி கழன்று தொங்குகிறது. பிவிசியை வளையச் செய்யும் நெகிழ்ப்பொருள் சூட்டில் மெல்ல வெளியேறுவதால் டேப் இறுகிச் சுருங்கி வெடிக்கிறது. பழைய வயர்க்கட்டைத் திறப்பவரின் விரல்களில் ஒட்டும் கறுப்புப் பிசின் இதுதான். வாகனத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் பிவிசி டேப் வேறு தரம். அது 105 பாகை வரை தாங்கும். ஜப்பானியக் கார்களில் அத்தகைய டேப்பும் வரிவரியான பிளாஸ்டிக் குழாயும் பெரிதும் காணப்படுகின்றன. எனவே பழுது பார்க்கும்போது தொழிற்சாலைச் சுற்றைப் பிரித்துவிட்டு வீட்டு டேப்பைச் சுற்றுவது, பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், தரத்தில் ஒரு பெரும் இறக்கம்.

துணி கார்களுக்குப் புதிதன்று. தொடக்ககாலக் கார்களில் ரப்பர் பூசிய வயரின்மேல் பருத்தி நூலைப் பின்னியிருந்தார்கள். 1948இல் வெளிவந்து இலங்கையின் பாதைகளில் இன்றும் தென்படும் மொறிஸ் மைனரின் பழைய வண்டிகளில் அத்தகைய வயர்களைக் காணலாம். பருத்தி ஈரத்தை உறிஞ்சியது, அடியில் இருந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்தது. 1946இல் அமெரிக்காவின் திரீஎம் நிறுவனத்தில் வினைல் டேப் உருவானபின் பிளாஸ்டிக் பரவியது. பொலியெஸ்டர் நெசவு வந்த பிறகு துணி மீண்டும் வயர்க்கட்டுக்குத் திரும்பியது. இம்முறை மட்காத துணியாக.

வகைகளும் அளவுகளும்

பெயர் ஒன்றானாலும் பொருள் இரண்டு. மெத்தென்ற ஃபிளீஸ் டேப் ஒன்று; நெருங்கிய நெசவுடைய டேப் மற்றது. ஃபிளீஸ் டேப் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் கதவுக்குள்ளும் வயர் பிளாஸ்டிக்கில் தட்டி எழுப்பும் கடகடப்பை அடக்குகிறது. நெசவு டேப் எஞ்சின் பகுதிக்கு உரியது. ஜெர்மனியின் டெசா நிறுவனத்தின் தயாரிப்புகளில் 51608 என்ற எண்ணுடைய ஃபிளீஸ் டேப் 105 பாகைக்கும், 51036 என்ற நெசவு டேப் 150 பாகைக்கும் உரியவை. கறுப்புச் சுருளாக மேசையில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், சுருளின் உட்பக்க அட்டையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இந்த எண்கள் கணநேரச் சூட்டைக் குறிப்பதில்லை. வாகன வயர்க்கட்டு டேப்புக்கான அளவுகோல்களில் 85, 105, 125, 150 என்று வகுப்புகள் பிரிக்கப்பட்டு, டேப்புகள் குறித்த வெப்பத்தில் 3,000 மணி நேரம் வைத்துச் சோதிக்கப்படுகின்றன. அதாவது 125 நாள் இடைவிடாத சூடு. டேப்பின் பசை வயரின் உறையை அரிக்கிறதா என்பதும் அதில் பார்க்கப்படுகிறது. மலிவு டேப்பில் இதைப் பற்றி உறுதி கிடையாது. இயற்கை ரப்பர்ப் பசை உடனே பற்றும், ஆனால் நீடித்த சூட்டுக்கு அக்ரிலிக் பசையே நிலைக்கும்.

150 பாகைக்கு மேல் துணி டேப்பை நம்பக்கூடாது. புகைக்குழாய்க்கு அருகே செல்லும் வயருக்கு, ஒக்சிசன் சென்சரின் வயரைப் போன்றவற்றுக்கு, கண்ணாடி இழைக் குழல் வேண்டும். சூடு கதிராகப் பாயும் இடத்தில் அலுமினியத் தகடு ஒட்டிய குழல் இன்னும் நல்லது. அதைவிட முதன்மையானது, வயரைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கிளிப்பில் மாட்டுவது. நல்ல டேப் கையில் இருக்கிறது என்பதற்காக வயரைச் சூட்டின் பக்கத்திலேயே விட்டுவைப்பதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

சுற்றும் முறை

முதலில் பட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். எண்ணெயும் பழைய பசையும் போகும்வரை வயரை அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து உலரவிட வேண்டும். பெட்ரோல் பயன்படுத்துவது உறைக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து. பரவலாகப் பயன்படும் அகலம் 19 மில்லிமீட்டர். எஞ்சின் பகுதியில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். அப்போது எந்த இடத்திலும் இரண்டு அடுக்கு இருக்கும். காருக்குள்ளே இடைவெளி விட்டுச் சுற்றினாலே போதும். கட்டு நன்றாக வளையும்.

சரிவாகச் செல்லும் வயரைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். கூரையில் ஓடு அடுக்கும்போது கீழ் வரிசையிலிருந்து தொடங்குவது போலத்தான் இதுவும்: மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படிவதால், வடியும் நீர் மடிப்புக்குள் நுழையாது. டேப்பை இழுத்து நீட்டிச் சுற்றினால் சூட்டில் அது பின்வாங்கி நுனி அவிழும். கிளை பிரியும் இடத்தில் குறுக்காக இரண்டு சுற்று போட்டுத் தொடர வேண்டும். கனெக்டருக்கு ஒரு விரல் தூரம் முன்னே நிறுத்திவிடுவது நல்லது. பிறகு கழற்ற வருபவருக்கு இடம் வேண்டும். நெசவின் குறுக்கே கையாலேயே கிழியும் டேப் வகை, கத்தி வைத்து வயரைக் கீறிவிடும் ஆபத்தைத் தவிர்க்கிறது.

எலி

மலைநாட்டின் குளிர்ந்த இரவில், சற்றுமுன் நிறுத்திய காரின் பொனட்டுக் கீழ்ப்பகுதி எலிக்குச் சூடான படுக்கை. வயரை நலிய வைக்கும் அதே சூடுதான் எலியையும் அழைத்து வருகிறது. துணி டேப் பல்லின் முதல் கீறலைத் தாங்கலாம், மறு இரவையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஹொண்டா நிறுவனம் மிளகாயின் காரப்பொருளான கெப்சயிசின் சேர்த்த டேப்பை 4019-2317 என்ற பாக எண்ணில் விற்கிறது. அது துணி டேப்புக்கு மாற்றாகாது; எலி கடித்த தடம் உள்ள இடத்தில் அதன்மேல் கூடுதல் சுற்றாகவே போட வேண்டும்.

தொடக்கூடாத வயர்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் இலங்கையர் இருந்த ரீகண்டிஷன் கார்களையே ஓட்டிப் பேணினார்கள். கண்டிப் பக்கத்தில் இன்று வயரிங் வேலைக்கு வரும் டொயோட்டா அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டிகளில் பல பத்து வயதைத் தாண்டியவை. இவற்றில் செம்மஞ்சள் உறையுள்ள வயர்கள் உயர் மின்னழுத்தம் செல்பவை. அவற்றில் டேப் வேலைக்கு இடமே இல்லை. உயர் மின்னழுத்தப் பட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும், மின்தேக்கிகள் வெறுமையாகக் குறைந்தது 10 நிமிடம் காத்திருக்கும்படி டொயோட்டா கூறுகிறது. பயிற்சி பெற்றவர் மட்டுமே அருகில் செல்ல வேண்டிய பகுதி அது. மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ உள்ள வயர் காற்றுப்பைக்குச் செல்வது. அதன் உறை கீறியிருந்தால் முழு வயரையும் மாற்றுவதே வழி.