படைப்போர் வீரர் குழாம்: ஒரு கதைமரபின் சரித்திரமும் கல்முனைக் கரையும்

தத்தமக்கெனத் தனித்தனியே சரித்திரமும் ஆயுதமும் அற்புத சக்தியும் வாய்க்கப்பெற்ற வீரர் பலர், ஒருவர் கதையினின்றும் மற்றொருவர் கதைக்குள் எல்லை கடந்து புகுந்து, பொதுப்பகைவன் ஒருவனுக்கு எதிரே ஓரணியாய் நின்று பொருவதாகப் புனையப்படும் கதைவகை, அமெரிக்க நாட்டுச் சித்திரக்கதை வெளியீட்டாளரின் நூதன சிருஷ்டி என்றே இன்று பலரும் கருதுகின்றனர். 1940ஆம் ஆண்டில் ‘ஜஸ்டிஸ் சொசைட்டி’ என்னும் குழாம் அங்கே அச்சேறியதையும், கொலையுண்ட பின்னும் ஆவியாய் உலாவும் ஸ்பெக்டர், மந்திர வித்தையிற் கைதேர்ந்த டாக்டர் ஃபேட் ஆகிய அமாநுஷ்ய பாத்திரங்கள் அக்குழாத்தில் அங்கம் வகித்ததையும் மட்டும் நோக்குவார்க்கு அக்கருத்து நியாயமாகவே தோன்றும். ஆயின், கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எனக் கிழக்கிலங்கைக் கரையோரப் பகுதியில் அமைந்த ஊர்களின் முஸ்லிம் மக்களும், மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலுள்ள காயல்பட்டினம், கீழக்கரை முதலிய துறைமுகப் பட்டினங்களின் மக்களும் பொதுச்சொத்தாகக் கொண்ட இஸ்லாமியத் தமிழ்ப் பிரபந்தங்களைப் புரட்டிப் பார்ப்பவர், அமெரிக்கக் குழாத்துக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்பே அத்தகைய குழாம் ஒன்று தமிழ்ச் செய்யுளில் அணிவகுத்து நின்றதைக் காண்பர். அதன் பெயர் படைப்போர்.

வீரர் பலர் ஒன்றுகூடினர் என்பதில் வியப்பில்லை. பாரதப் போரிலும் கூடினர். இங்கே ஆராயத்தக்கது, அக்குழாம் எவ்விதியைப் பற்றி வளர்ந்தது என்பதே. தோற்றவன் மாயாது, தோற்கடித்தவனுடைய அணியில் உறுப்பினனாகச் சேர்ந்துவிடுவது இம்மரபின் விதி. இந்த ஒரு விதியே கதையைத் தேசந்தோறும் கொண்டுசென்றது. சென்ற தேசத்து வீரனையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

இம்மரபின் ஊற்று பாரசீகத்தில் உள்ளது. நபிகள் நாயகம் அவர்களின் சிறிய தந்தையாரும், கி.பி. 625இல் உஹதுப் போரில் உயிர்த்தியாகம் செய்தவருமாகிய ஹம்ஸா அவர்களின் பெயரைத் தாங்கி எழுந்தது அமீர் ஹம்ஸா கதை. ஆனால் அக்கதையின் நாயகர், 579ஆம் ஆண்டிலேயே மறைந்த சாசானியச் சக்கரவர்த்தி நௌஷேர்வானின் அவையில் வளைய வருகிறார். அமைச்சர் புசுர்ஜ்மிஹ்ரின் ஆலோசனை கேட்கிறார். காஃப் மலைக்குப் போய்த் தேவுகள் என்னும் அரக்கரையும் பரிகள் என்னும் தேவதைகளையும் ஆண்டு திரும்புகிறார். காலக்கணக்கைக் கதைக்காரர் அறியாமற் குழப்பினர் என்பது என் கருத்தன்று. வெவ்வேறு கதைகளைச் சேர்ந்தோரை ஒரு களத்தில் நிறுத்த விரும்பியவர்க்குக் காலத்தைச் சற்றே தளர்த்துவதன்றி வேறு வழியில்லை. ஹாரூன் அல்-ரஷீது கலீபாவின் காலத்தில் சீஸ்தானிற் கலகக் கொடி உயர்த்திய வேறொரு ஹம்ஸாவின் சாகசங்களே முதற்கருவாயிருந்து, பின்னர் நாயகத்தின் சிறிய தந்தையார் மீது ஏற்றப்பட்டன என்று கொள்வாரும் உளர். அந்தச் சீஸ்தானத்து ஹம்ஸா சிந்து, ஹிந்து தேசங்களோடு சரந்தீபு என்னும் இலங்கைக்கும் வந்து சென்றதாகக் கூறப்படுவது நமக்கு விசேஷக் கவனத்துக்குரியது.

ஏனெனில், அமீர் ஹம்ஸா கதையின் உருதுவடிவிலும் மலாய்வடிவிலும் இலங்கை வெறும் பெயரளவில் வருவதன்று. நௌஷேர்வானின் ஏவலால் ஹம்ஸா கடல்கடந்து எதிர்க்கச் செல்லும் பேருருவினனான லந்தாவூர், சரந்தீபத்து அரசன். அவன் தண்டாயுதம் ஏந்தியவன், மலைபோன்ற தேகமுடையவன். நெடும்போருக்குப் பின் தோற்று, ஹம்ஸாவின் ஆருயிர்த் தோழனாகி, அதன்பின் அவர் பக்கத்திலேயே போர்புரிகின்றான். அதே பயணத்திலேதான், ஹம்ஸாவின் இணைபிரியாத் தோழனும் தந்திரத்திலும் ஓட்டத்திலும் நிகரற்றவனுமாகிய அமர் ஐயார், ஆதம் நபியின் பாதம் பதிந்த மலையில் தீர்க்கதரிசிகளின் அருளால் அற்புதப் பொருள்கள் சிலவற்றைப் பெறுகின்றான். உலகனைத்தையும் கொள்ளத்தக்க ‘ஸம்பீல்’ என்னும் பை அவற்றுட் பிரசித்தமானது. பலத்தால் வெல்பவன், தந்திரத்தால் வெல்பவன், பகைமை துறந்து வந்த பேருருவினன் என்னும் இம்மூவர் அமைப்பு பிற்காலத்துச் சித்திரக்கதைக் குழாங்களிலும் மீண்டும் மீண்டும் தோன்றுவது. அதில் ஓரிடம் இலங்கையனுக்கு வாய்த்திருந்தும், இலங்கையில் எழுதப்பட்ட இலக்கிய வரலாறுகளில் லந்தாவூரை எவரும் உரிமை கொண்டாடக் காணோம் என்பது விசித்திரந்தான்.

சித்திரமும் இக்கதைக்கு அந்நியமன்று. மொகலாயச் சக்கரவர்த்தி அக்பர் 1562ஆம் ஆண்டளவில் தொடங்கிச் சுமார் பதினைந்து ஆண்டுகளில், மீர் செய்யித் அலி, அப்துஸ் ஸமது என்னும் பாரசீக ஓவியாசிரியர்களின் மேற்பார்வையில், ஏறத்தாழ 1400 பெரிய சித்திரங்களில் ஹம்ஸா கதையைத் துணியின்மேல் தீட்டுவித்தார். ஒரு பக்கம் சித்திரமும் மறுபக்கம் வசனமுமாக அமைந்த அவ்வேடுகளை அவையில் உயர்த்திப் பிடித்துக் கதைசொல்லி வாசிக்க, அரசரும் பரிவாரமும் கண்டும் கேட்டும் மகிழ்ந்தனர் எனக் கொள்ளப்படுகிறது. அவற்றுள் இன்று எஞ்சியவை இருநூறுக்கும் குறைவே. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி வெளியிட்ட உருதுத் தொகுதியோ 46 பெரும் புத்தகங்களாய் விரிந்தது.

ஹம்ஸாவைப் போலவே தேசம் சுற்றிய மற்றொருவர் முகம்மது ஹனபிய்யா. ஹஸரத் அலி அவர்களுக்கு ஹனீபா கோத்திரத்துப் பெண்மணியிடம் பிறந்த இவர் சரித்திர புருஷரே எனினும், இவர் இறக்கவில்லை, றழ்வா மலையில் மறைந்திருக்கிறார், சிங்கமும் சிறுத்தையும் காவல் நிற்கின்றன என நம்பிய கூட்டமொன்று ஆதியிலேயே தோன்றியமையால், காவிய நாயகராவதற்கு வேண்டிய அமாநுஷ்யச் சாயல் இவர்க்கு இயல்பாகவே அமைந்தது. 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைத் தாக்கவிருந்த முந்தைய இரவில், வீரர்கள் தமக்கு முகம்மது ஹனபிய்யாவின் கதையை வாசிக்கவேண்டுமென்று விண்ணப்பித்ததாகவும், சுல்தான் அஹ்மது முதலில் அமீர் ஹம்ஸாவின் கதையையே அனுப்பியதாகவும் மலாய் அரசவரலாறு கூறுகின்றது. இரு கதைகளும் ஒரே அலமாரியில் இருந்தன என்பதும், எவ்வீரரின் கதை எவ்வேளைக்கு உகந்தது என்று தரம்பிரித்தறிந்த வாசகர் இருந்தனர் என்பதும் இந்நிகழ்ச்சியால் விளங்கும். வங்காளத்தில், ஹனீபா எனச் சுருக்கி அழைக்கப்படும் இவர், ஜைகுன் என்னும் வீராங்கனையோடு பொருது மணக்கிறார். தமிழில் அவரே ‘சைத்தூன் கிஸ்ஸா’வில் சைத்தூன் என்னும் வீரப்பெண்ணோடு இணைகிறார். இருவரையும் ஒருங்கே நோக்கின், பெயர் மாறினாலும் விதி மாறவில்லை: எதிர்த்துப் போராடியவள் அணியிற் சேர்கின்றாள்.

இனித் தமிழுக்கு வருவோம். கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து என்பன அரபு, பாரசீக மொழிகளினின்று முஸ்லிம் புலவர் கொணர்ந்து தமிழிற் பயிரிட்ட பிரபந்த வகைகள். படைப்போர் என்பதோ அவர்கள் தமிழ்ச் சொற்களாலேயே ஆக்கிக்கொண்ட புதுவகை. வரிசை முகியித்தீன் புலவரின் ‘சக்கூன் படைப்போர்’, குஞ்சு மூசுப் புலவரின் ‘செய்யிதத்துப் படைப்போர்’ என்பன தனிக்கதைகள். அசனலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’, பெயரே அறிவிப்பதுபோல, ஐந்து போர்க்கதைகளை ஒரு கட்டுக்குள் அடக்கிய தொகுதி. நபிகள் நாயகத்தின் தோழர்களையும் ஹஸரத் அலியையும் தலைமைப் பாத்திரங்களாகக் கொண்ட இக்கதைகளில், துல்புகார் வாளும் துல்துல் வாகனமும் கவசகுண்டலம்போல் அலியோடு பிறந்தனவோ என ஐயுறுமாறு ஒட்டிநிற்கும். எதிர்ப்புறத்து மன்னர் பலர் சரித்திரம் அறியாதவர். ஐந்து போர்களுள் ஒன்று இந்திராயன் என்பானைப் பற்றியது என்னும்போது, அப்பெயரே உள்நாட்டு மணம் வீசுவதைக் காணலாம். அரேபியப் பாலையிற் போர் நடந்தாலும் யானை பிளிறும், தேர் உருளும், குருதி ஆறாய் ஓடும். புறப்பொருள் மரபிலும் பரணியிலும் பழகிய தமிழ்ச் செவிக்குப் போர் என்றால் அதுவே போர்.

இவற்றை இலக்கியச் சுவை குன்றியவை என ஒதுக்குவோர் உளர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தோடு ஒப்பிட்டால் யாப்பிலும் சொல்லழகிலும் படைப்போர் தாழ்ந்ததே என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவை ஏட்டிலே தனியிருந்து சுவைக்கப்பட்டவையல்ல. ஒருவர் இராகத்தோடு ஓத, சூழ்ந்திருந்தோர் கேட்டவை. அடுத்த வாள்வீச்சு எங்கே விழும் என்று காத்திருப்பவனிடம் சிலேடைக்கு மதிப்பில்லை. மேலும் ஒரு நிர்ப்பந்தம் உண்டு. அக்பரின் ஓவியருக்கிருந்த துணிவு தமிழ் முஸ்லிம் சமூகத்துக்கு இருந்ததில்லை. நாயகத்தையோ தோழரையோ உருவெழுதுதல் இங்கே நினைத்தற்கும் ஒவ்வாதது. ஆகவே சித்திரம் செய்யவேண்டிய வேலை முழுவதையும் ஓசையே செய்யலாயிற்று. குதிரையின் பாய்ச்சலுக்கு ஒரு சந்தம், கைகலப்புக்கு வேறொரு சந்தம் என விரையும் இவ்வகைச் செய்யுள்களை வாய்விட்டுப் படித்தாலன்றி அவற்றின் பெருமை தோன்றாது.

அமாநுஷ்ய உலகம் படைப்போருக்கு வெளியேயும் பரந்திருந்தது. ஜின்களால் தூக்கிச் செல்லப்பட்டு, பல்லாண்டு வேற்றுலகங்களில் அலைந்து, மனைவி மறுமணம் செய்யவிருக்கும் தறுவாயில் ஊர் திரும்பும் தமீம் அன்சாரியின் கதை மாலையாகப் பாடப்பட்டது. ஜின்களையும் காற்றையும் பறவைகளையும் ஏவல்கொண்ட சுலைமான் நபியின் வரலாற்றை வண்ணக்களஞ்சியப் புலவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘இராஜநாயகம்’ என்னும் காப்பியமாக்கினார்.

அம்பாறைக் கரையில் இம்மரபு அடைந்த பரிணாமம் சுவாரசியமானது. வாளேந்திய வீரர் மெல்ல மெல்லப் பின்னே நிற்க, அற்புதம் நிகழ்த்தும் இறைநேசர் முன்னே வந்தனர். பக்தாதிலே வாழ்ந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் பலாங்கொடைக்கு அணித்தான கூரகலையிற் குகையொன்றில் தியானமிருந்ததாக நம்பிக்கை. அவரது வழித்தோன்றலாகப் போற்றப்படும் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையோ, சவரம் செய்துகொண்டிருக்கையில், நடுக்கடலில் ஓட்டையாகித் தத்தளித்த கப்பலை ஞானதிருஷ்டியால் அறிந்து, கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அவ்வோட்டையை அடைத்தார் என்பது கடல்மக்கள் யாவரும் அறிந்த வரலாறு. ஆண்டகையின் சரீரம் நாகூரில் அடங்கியிருக்க, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் அவர் பெயரால் ஸியாரம் எழுந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவ்வாறே எழுந்தன. ஜமாத்துல் ஆகிர் மாதத் தலைப்பிறையில் நாகூரிற் கொடியேறும் காலத்திலேயே கல்முனையிலும் கொடியேறுகின்றது. 

கொடிமரத்தின் கீழ்ப் பக்கீர் பாவாக்கள் றபான் கொட்டி ஓதி, இரும்பூசியால் தம் உடலைக் குத்தி றாத்திபு ஆடுகையில், றிபாயி நாயகம், முகியித்தீன் ஆண்டகை, சாகுல் ஹமீது ஆண்டகை என இறைநேசர் பலரின் நாமங்களும் ஒரே அவையிற் கூட்டி அழைக்கப்படுகின்றன. நூற்றாண்டுகளாலும் தேசங்களாலும் பிரிந்தவர்கள் ஓரிடத்தில் ஒருங்கே பிரசன்னமாவதாகக் கொள்ளும் இம்மனோபாவத்தை, படைப்போர் கேட்டு வளர்ந்த செவியினின்றும் பிரித்து நோக்க என்னால் இயலவில்லை. ஒரு வேறுபாடு மட்டும் தெளிவு. படைப்போரில் பகைவன் தோற்று அணியிற் சேர்ந்தான். கொடியின் கீழோ, நோயும் கடனும் கடலச்சமும் கொண்ட மனிதன், எவரிடமும் தோற்காமலே, நேர்ச்சையோடு வந்து சேர்கின்றான்.

பிற்கால மாற்றங்களை விரிக்க வேண்டுவதில்லை. சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தபோது சாகசம் நாவலாயிற்று. ஜின்களுக்கு அங்கே வேலையில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்ற சீர்திருத்தவாதிகள் கொடியேற்றத்தையும் மாலை ஓதுதலையும் ஆதாரமற்றவை எனக் கண்டித்தனர். ஆதாரம் இருப்பதாகப் படைப்போர்ப் புலவர் எக்காலத்தும் வாதித்ததில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும். இதற்கிடையில், 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தோன்றி, மின்சாரம் பாய்ந்ததும் உருமறையும் இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர்க்கு அளித்தது. மாயாவி தனியன், அவனுக்குக் குழாம் இல்லை.

1966இல் மருதமுனையில் நடந்த இஸ்லாமியத் தமிழ் மாநாடும், ம.மு. உவைஸ் அவர்கள் பி.மு. அஜ்மல்கானோடு இணைந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்ட இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளும் இப்பிரபந்தங்களை மறதியினின்றும் மீட்டன. அவ்வுபகாரம் பெரிது. எனினும், மாலை ஓரதிகாரம், கிஸ்ஸா ஓரதிகாரம், படைப்போர் ஓரதிகாரம் என வகைபிரிக்கும் முறையில், ஒரே ஹனீபா கிஸ்ஸாவிலும் படைப்போர் உலகிலும் உலாவுவது கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. நூலை எண்ணுவதைவிட வீரனைப் பின்தொடர்வதே இம்மரபை ஆராய ஏற்ற வழி என்பது என் துணிபு.

அவ்வழியிற் செல்வார்க்கு அண்மைக்காலச் சான்றொன்றும் உதவும். குவைத்து நாட்டு உளவியல் அறிஞர் நாயிப் அல்-முதவ்வா 2006இல் தொடங்கிய ‘தி 99’ என்னும் சித்திரக்கதை, 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தபோது சிதறிய அறிவு, ஒளிக்கற்களில் அடங்கி, இறைவனின் திருநாமங்களை ஒத்த பண்புகளை இளைஞர் பலர்க்கு வழங்குவதாகப் புனையப்பட்டது. 2010இல் அக்குழாம் அமெரிக்காவின் ‘ஜஸ்டிஸ் லீக்’ குழாத்தோடு ஆறு இதழ்கள் கொண்ட தொடரில் இணைந்தது. இரு வெளியீட்டாளரின் உடன்படிக்கையாற் கூடிய அவ்வீரர் தொடர் முடிந்ததும் அவரவர் கதைக்கே திரும்பினர். லந்தாவூர் சரந்தீபத்துக்குத் திரும்பவில்லை. அவன் ஹம்ஸாவின் அணியிலேயே இருந்துவிட்டான்.