இரண்டாவது பிள்ளைக்கு முன்னால்

1935 டிசம்பரில், பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. அமெரிக்காவிலிருந்து கர்ப்பத்தடைப் பிரசாரகர் மார்கரெட் சாங்கர் வந்திருந்தார். கர்ப்பத்தடையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேறியது. மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அந்த விவாதம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சூடுபிடித்திருந்தது. மற்றவர்கள் தாயின் உடல்நலம், குடும்பச் சொத்து, நாட்டின் வறுமை என்று காரணம் சொல்ல, பெரியார் மட்டும் பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று எழுதினார். இந்த வாதங்களில் நெல்லையின் தாமிரபரணிக் கரைக்கு அரசுத் திட்டமாக வந்து சேர்ந்தது எது என்று பார்த்தால், விடுதலையும் இல்லை, உடல்நலமும் இல்லை. வந்தது எண்ணிக்கை. ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்பதே இங்கே கருத்தடையின் ஒரே கேள்வியாக இருந்தது. சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்கோ, எப்போது பிள்ளை என்பதுதான் உயிர்க் கேள்வி. அந்தக் கேள்விக்கு நம் திட்டத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை என்பது என் வாதம்.

எண்ணிக்கை எப்படி வென்றது என்பது தெரிந்த கதைதான். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி, மூன்று பிள்ளைக்கு மேல் பெறும் தாய்மார்களையே நாட்டின் சிக்கலாகக் கண்டார். பிறகு அவர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். 1950களின் பிற்பகுதியிலேயே அறுவை செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுத்த மாநிலம் இது. 1965ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கிய அதே காலத்தில் நாடெங்கும் கருப்பைக்குள் வைக்கும் லூப் வந்தது. ரத்தப்போக்கும் வலியும் அதன் பேரைக் கெடுத்தன. ஆண்களுக்கான அறுவை முகாம்கள் வளர்ந்து, நெருக்கடிநிலையின் கட்டாயத்தில் அவப்பெயர் எடுத்து, 1977க்குப் பிறகு சுமை முழுவதும் பெண்ணின் வயிற்றுக்கு மாறியது. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கான நல நிதியில்கூடக் கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை இருந்தது. பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடுவதற்கு அந்த முக்கியத்துவம் கிடைக்கவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு, இருபத்தைந்தை ஒட்டிய வயதில், “ஆபரேஷன் பண்ணியாச்சு” என்ற ஒரு வாக்கியத்தோடு கருத்தடைப் பேச்சே முடிந்துவிடுகிறது.

சர்க்கரையின் வரலாறு வேறு பாதையில் வந்தது. 1882ல் மேத்யூஸ் டங்கன் என்ற மருத்துவர் நீரிழிவு உள்ள 16 பெண்களின் 22 கர்ப்பங்களைத் தொகுத்தார். தாய்மாரும் சிசுக்களும் மடிந்த பட்டியல் அது. கர்ப்பமே கூடாது என்பதுதான் அன்றைய மருத்துவர்களின் அறிவுரை. 1922ல் இன்சுலின் மனிதர்களுக்குப் பயன்பட்டதும் அந்தத் தடை தளர்ந்தது. 1948ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் நாட்டின் முதல் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். ஆனால் இன்சுலின் இன்னொரு உண்மையையும் கூடவே கொண்டுவந்தது. கரு உருவான முதல் எட்டு வாரங்களில்தான் இதயமும் முதுகுத்தண்டும் உருப்பெறுகின்றன. அப்போது தாயின் ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தால் பிறவிக் குறைகளுக்கான ஆபத்து கூடுகிறது. நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, நர்சம்மாவிடம் பதிவு செய்யும்போது அந்த வாரங்களில் பாதிக்கு மேல் போயிருக்கும். ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, மருந்தை மாற்றி, அதற்குப் பிறகு கருத்தரிக்க வேண்டும். அதுவரை காத்திருக்க ஒரு நம்பகமான கருத்தடை வேண்டும். அதாவது, முதல் பிள்ளைக்கு முன்பே.

எந்தக் கருத்தடை என்பதில் பழைய பயங்கள் இன்னும் உலவுகின்றன. அவற்றுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1960ல் அமெரிக்காவில் வந்த முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் 150 மைக்ரோகிராம் இருந்தது. அது சர்க்கரையை ஏற்றுகிறது என்று லண்டன் ஆய்வாளர்கள் அந்தப் பத்தாண்டிலேயே எழுதினார்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் அந்த வகை ஹார்மோன் 30 மைக்ரோகிராம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக்குழாய் பாதிப்பு இல்லாத பெண் அதைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பாதிப்பு இருந்தாலோ, நோய் வந்து இருபது ஆண்டு கடந்திருந்தாலோ கூடாது. 2017 முதல் அரசுத் திட்டத்தில் பரவலான ‘அந்தரா’ கருத்தடை ஊசியையும் அப்படிப்பட்டவர்கள் தவிர்ப்பது நல்லது. கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி மீது இரண்டு சந்தேகங்கள் இருந்தன: சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீழ் பிடிக்கும், சரியாக வேலை செய்யாது. பிற்கால ஆய்வுகளில் இரண்டும் நிற்கவில்லை. ஹார்மோனே இல்லாத அந்தச் சிறு கருவிக்கு, நோய் முற்றியவர்களுக்கும் சேர்த்து, வழிகாட்டுதல் எந்தத் தடையும் சொல்வதில்லை. கணவர் அறுவை செய்துகொள்வதற்கும் மனைவியின் சர்க்கரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவு வாய்ப்புகள் இருக்கும்போது ஒரே பதிலை எல்லோருக்கும் நீட்டுவது மருத்துவம் ஆகாது.

கருத்தடை, சர்க்கரை என்ற இரண்டு வரலாறுகளும் சந்திக்க ஒரு நல்ல சந்தர்ப்பம் 2007ல் வந்தது. நீரிழிவு மருத்துவர் வீ. சேஷையா போன்றோரின் விடாமுயற்சியால், கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று தமிழக அரசு ஆணையிட்டது. சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். திகட்டும் இனிப்பை மெல்ல விழுங்கிவிட்டு, பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை, ஒரே ஒரு குத்து, சர்க்கரை அளவு 140 வந்தால் கர்ப்பகால நீரிழிவு. கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வருபவளை மனதில் வைத்து வகுத்த முறை இது. அதற்காகவே இதை நான் மிகவும் மதிக்கிறேன். சேஷையா குழுவினரின் தமிழக ஆய்வில் நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம், கிராமப்புறத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இது இருந்தது. இந்த வயதில் யாருக்குச் சர்க்கரை வரப்போகிறது என்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே போதும்.

பிரசவத்துக்குப் பிறகுதான் நூல் அறுந்துபோகிறது. கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களில் பலருக்குப் பின்னாளில் நிலையான சர்க்கரை நோய் வருகிறது. அதனால் ஆறாவது வாரத்தில் மறுபரிசோதனை வேண்டும். அதே நாளில் அடுத்த கருவை எப்போது, எதைக் கொண்டு தள்ளிப்போடுவது என்ற பேச்சும் நடக்க வேண்டும். ஆனால் குடும்பநலப் பிரிவின் பார்வை இரண்டாவது பிள்ளையில். 2012 முதல் மாநிலமெங்கும் பரவிய தொற்றாநோய்த் திட்டமோ முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைச் சோதிக்கவே வகுக்கப்பட்டது. முதல் பிள்ளைக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் இருக்கும் பெண் எந்த மேசைக்கும் உரியவள் அல்ல.

அறுவைதானே சர்க்கரை உள்ளவளுக்குச் சிறந்தது, ஹார்மோன் தொல்லை கிடையாதே என்று கேட்கலாம். பிள்ளை போதும் என்று முடிவெடுத்தவளுக்கு அது சரி, அதுவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, புண் ஆறும் நிலையில் செய்தால். முதல் பிள்ளையை இன்னும் பெறாதவளுக்கு அது பதிலே இல்லை. பெண்களே காப்பர்-டி வேண்டாம் என்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. லூப் காலத்து நினைவு பாட்டி வழி பேத்திக்கு வந்திருக்கிறது, அதைப் பயம் என்று ஒதுக்குவது அநியாயம். கேட்டு, விளக்கி, வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்று உறுதி சொல்லிப் பொருத்தினால்தான் அந்த நினைவு மாறும். இருக்கிற திட்டத்தால்தானே பிறப்பும் தாய் இறப்பும் குறைந்தன என்பதும் உண்மை. அந்தச் சாதனையை நான் குறைக்கவில்லை. ஆனால் அது எண்ணிக்கையில் வென்ற திட்டம். 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வில் தமிழ்நாட்டின் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இனி வரும் தாய்மார்களுக்கு அந்தப் பழைய வெற்றி மட்டும் போதாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி சுகாதார நிலையங்கள் வரை புதுக் கட்டடமோ புது மருந்தோ இதற்குத் தேவையில்லை. கர்ப்பத்தில் 140ஐ எட்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனையும் கருத்தடை ஆலோசனையும் ஒரே நாளில், ஒரே மேசையில் கிடைக்க அரசு ஆணையிட வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் இளம்பெண் உங்கள் வீட்டில் இருந்தால், கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே அவளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எப்போது கருத்தரிக்கலாம், அதுவரை எது பாதுகாப்பு என்ற இரண்டையும் அவளே கேட்கட்டும்.