டிம் லைட் எரியுது, ஹை பீம் மட்டும் எரியலையா? மெக்கானிக்கிடம் போகும் முன் இதை செக் பண்ணுங்க!

நகரத்துக்குள் மட்டும் கார் ஓட்டுபவர்களுக்கு ஹை பீம் பழுதானதே பல நாட்கள் தெரியாது. தெருவிளக்கு வெளிச்சத்தில் டிம் லைட்டே போதுமானதாக இருக்கும். இரவில் நெடுஞ்சாலையில் ஏறி, சுவிட்சைத் தள்ளிப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்.

டிம் லைட்டின் வெளிச்சம் சாலையில் சுமார் 40 முதல் 50 மீட்டர் வரைதான் நன்றாக விழும். 80 கி.மீ வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. தடையைப் பார்த்து, பிரேக் மிதித்து, கார் முழுதாக நிற்க, காய்ந்த சாலையிலேயே 60 முதல் 70 மீட்டர் தேவைப்படலாம். அதாவது, பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியோ குறுக்கே வரும் மாடோ கண்ணில் படும்போது பிரேக் பிடித்தாலும் நேரம் கடந்திருக்கும்.

முதலில் சுவர் முன் நிறுத்துங்க

இருட்டிய பிறகு காரை ஒரு சுவருக்கு நேராக 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பார்க்கிங் லைட் அல்ல, ஹெட்லைட்டே ஆன் ஆகியிருக்க வேண்டும். ஆட்டோ ஹை பீம் வசதி உள்ள காரில் அதை ஆஃப் செய்துவிடுங்கள். அது நின்றிருக்கும் காரில் வேலை செய்யாது என்பதால், பழுது என்று தவறாக நினைக்க வாய்ப்பு உண்டு.

இப்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். எரியாதது ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? டேஷ்போர்டில் நீல நிற விளக்கு வருகிறதா? ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சை உங்களை நோக்கி இழுத்தால், அதாவது பாஸ் லைட் போட்டால், ஹை பீம் எரிகிறதா?

பாஸ் லைட் எரிந்து, சுவிட்சைத் தள்ளினால் மட்டும் ஹை பீம் நிற்கவில்லை என்றால், பல்பில் கோளாறு இல்லை. சுவிட்சின் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கும். நீல விளக்கு வந்தும் வெளிச்சம் இல்லையென்றால், பெரும்பாலும் பல்பு, கப்ளர் அல்லது எர்த் பக்கம்தான் பிரச்னை. நீல விளக்கும் வரவில்லை, வெளிச்சமும் இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்ற வரிசையில் தேட வேண்டும்.

டிம் எரியுதே, பல்பு எப்படிப் போகும்?

பலரும் ஏமாறுவது இங்குதான். இந்தியாவில் ஓடும் பல சிறிய கார்களில் இருப்பது எச்4 என்ற ஹாலஜன் பல்பு. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். டிம் லைட்டுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60 வாட். ஒரு இழை அறுந்தாலும் மற்றொன்று வழக்கம்போல எரியும். டிம் எரிவதை வைத்து பல்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

"ரெண்டு பல்பும் ஒரே நாள்ல போகுமா?" என்ற கேள்வி வரும். ஒரே நாளில் போக வேண்டிய அவசியமில்லை. ஒரு பக்கம் சில மாதங்களுக்கு முன்பே போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டாவதும் போகும்போதுதான் ஒட்டுமொத்தமாக இருட்டாகும். இதைப் பார்க்காமல் நேராக காம்பினேஷன் சுவிட்சை மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவாகும். பல்போ சில நூறு ரூபாய்தான்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் இடது, வலது பல்புகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது பல்போடு சேர்ந்து இடம் மாறினால் பல்புதான் காரணம். அதே பக்கமே இருட்டாக இருந்தால் வயரிங், கப்ளர் அல்லது அந்தப் பக்கத்து ஃபியூஸ். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. கையில் உள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.

கப்ளர் உருகியிருக்கா?

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போட்ட கார்களில் இது சகஜம். 60 வாட் இழை சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல் போகும். கம்பெனி வயரிங் அதற்காகப் போட்டதல்ல. பல்பின் பின்னால் மாட்டும் கப்ளர் பழுப்பேறி, உருகி, பின் லூஸாகிவிடும். புது பல்பு போட்டாலும் நிற்காது, கப்ளரையே மாற்ற வேண்டும். எல்இடி பல்பு மாற்றிய பிறகு ஹை பீம் போயிருந்தால், பழைய ஹாலஜனை மாட்டிப் பாருங்கள். சில கார்களின் வயரிங்கோடு சில எல்இடி பல்புகள் ஒத்துப்போவதில்லை.

ஃபியூஸ், ரிலே

ஃபியூஸ் பெட்டி பானட்டுக்குள் பேட்டரி அருகிலோ, டேஷ்போர்டுக்குக் கீழோ இருக்கும். மூடியிலோ மேனுவலிலோ எது ஹை பீமுக்கு என்று போட்டிருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15. போன அளவையே திரும்பப் போடுங்கள். கம்பி சுற்றுவது, பெரிய ஃபியூஸ் போடுவது எல்லாம் வயரிங் தீப்பிடிக்க வழி. புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய வேலை அது.

ரிலேவை சோதிக்க, அதே நம்பர் உள்ள வேறொரு ரிலேவை, உதாரணமாக ஹாரனுடையதை, மாற்றி மாட்டினால் தெரிந்துவிடும்.

எல்இடி, புரொஜெக்டர் கார்களில்

பல புரொஜெக்டர் விளக்குகளில் ஹை பீமுக்கு தனி பல்பு கிடையாது. உள்ளே ஒரு சிறிய தகடு நகர்ந்து வெளிச்சத்தை மேலே விடும். சுவிட்ச் போடும்போது 'டிக்' என்ற சத்தம் வரவில்லை என்றால், தகடை நகர்த்தும் பாகத்தையோ அதற்கு வரும் கரண்டையோ சந்தேகிக்கலாம். கம்பெனி எல்இடி விளக்குகளில் பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். செலவு பெரிது என்பதால், கை வைப்பதற்கு முன் வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

பல்பு மாற்றியதும் அதே சுவரில் வெளிச்சத்தைப் பாருங்கள். பல்பு சரியாக உட்காரவில்லை என்றால் டிம் லைட்டே எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். சரியாகும் வரை, விளக்கில்லாத சாலையில் 50 கி.மீ-க்கு மேல் போக வேண்டாம்.