பூப்பந்தும் இறகுப்பந்தும்

போன ஞாயிறு சீத்தா கேம்ப்பில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். சந்தில் பசங்க கயிறு கட்டி ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடல் காற்றில் இறகுப்பந்து அடிக்கடி கூரைமேல் போய் உட்கார்ந்தது. "எங்க ஊர்ல இதுக்குத்தான் உல்லன் பந்து வச்சிருந்தோம்" என்றேன். "கம்பளிப் பந்தா? அது என்ன விளையாட்டுப்பா?" என்று என் மகன் சிரித்தான். தஞ்சாவூர்க்காரனுக்குச் சுருக்கென்றது.

தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரசு கும்பெனி கைக்குப் போனது. அடுத்த வருஷமே, 1856-ல், அந்த அரச குடும்பத்தார் பூப்பந்து ஆடியதாகச் சொல்வார்கள். பிறகு புனேயில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் வலை கட்டி இறகுப்பந்து ஆடினார்கள். காற்றும் ஈரமும் இருந்தால் அவர்களும் கம்பளிப் பந்தைத்தான் எடுத்தார்களாம்! இங்கிலாந்துக்குப் போன ஆட்டத்துக்கு பியூஃபோர்ட் பிரபுவின் 'பேட்மின்டன்' மாளிகைப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1893-ல் அங்கே சங்கம், 1992-ல் ஒலிம்பிக். நம் பூப்பந்துக்கு அகில இந்திய சம்மேளனம் வந்ததே 1954-ல்தான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இறகுப்பந்து சுமார் 5 கிராம், 16 இறகுகள். மஞ்சள் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். லேசான காற்றுக்கெல்லாம் அசையாது. அதனால் ஒன்று கூரைக்குள் போனது, மற்றது வெட்டவெளியில் நின்றது. பூப்பந்து மட்டை ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அங்கே ஒருவர் அல்லது இருவர்; இங்கே பக்கத்துக்கு ஐந்து பேர். அங்கே 2006 முதல் 21 புள்ளி. நான் ஆடிய காலத்தில் இங்கே 29.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? பூப்பந்துக் களம் 24-க்கு 12 மீட்டர், அதாவது 288 சதுர மீட்டர். ஷட்டில் களம் 82கூட வராது. மூன்றரை மடங்கு!

நண்பரின் அப்பா திருநெல்வேலிக்காரர். 1976-ல் எமர்ஜென்சியின்போது ஜனதா காலனியை இடித்து இங்கே கொண்டுவந்து விட்டார்களே, அதில் வந்தவர். ஊரில் பூப்பந்து ஆடியவராம். கணக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பந்து கிடைக்கும் தம்பி. பத்துப் பேரும் கிடைப்பாங்க. அந்தத் தரைக்கு இங்க எங்க போறது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. வரும் மே லீவில் மகனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகிறேன். அப்பாவின் பழைய மட்டை பரணில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம், ஊருக்குப் போனால் எட்டிப் பாருங்களேன்.